தியேட்டரில் ஸ்ப்ளிட் ஏ.சி., வார்டில் திறக்க முடியாத ஜன்னல்: காற்றால் வரும் தொற்றைக் குறைக்க எங்கே தொடங்குவது?

தியேட்டர்_சிஸ்டர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊரில், 30 படுக்கை உள்ள தனியார் நர்சிங் ஹோமில் தியேட்டர் இன்சார்ஜாக இருக்கிறேன். சிசேரியன், ஹெர்னியா, அப்பெண்டிக்ஸ் வழக்கமாக நடக்கும். எலும்பு டாக்டர் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து பிளேட் வைப்பார், இடுப்பு மூட்டு மாற்றுவதும் உண்டு.

போன வருடம் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். தியேட்டரில் (20 அடிக்கு 20 அடி, உயரம் 10 அடி) இருந்த பழைய எக்ஸாஸ்ட் துவாரத்தை அடைத்து, ஃபால்ஸ் சீலிங் போட்டு, 2 டன் ஸ்ப்ளிட் ஏ.சி. இரண்டு மாட்டினார்கள். ஆபரேஷன் முடிந்தவர்களைப் போடும் வார்டுக்கும் ஏ.சி. வந்தது. ஜன்னல் எல்லாம் நிலைக்கண்ணாடியாக மாறிவிட்டது, ஒன்றைக்கூடத் திறக்க முடியாது. ஆறு கட்டில், கட்டிலுக்கு ஒரு அட்டெண்டர்.

அதற்குப் பிறகு தையல் பிரிவதும் சீழ் பிடிப்பதும் கூடியிருப்பதாக எனக்குப் படுகிறது. திங்கட்கிழமை காலையில் ஏ.சி. போட்டதும் ஈரத்துணி வாடை அடிக்கிறது. ஒரு யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, இன்ஸ்ட்ருமென்ட் டிராலியை அதனால் நகர்த்திப் போட்டிருக்கிறேன். மேனேஜரிடம் சொன்னால், “சனிக்கிழமை தோறும் ஃபார்மலின் புகை போடுகிறோமே சிஸ்டர், அதற்கு மேல் என்ன?” என்கிறார். இப்போது ஒரு விற்பனையாளர் ஓசோன் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேனேஜர் நினைக்கிறார்.

என்னை இங்கே எழுத வைத்தது வேறு ஒன்று. ஹெர்னியாவுக்கு வந்த பெரியவர் ஒருவர் வார்டில் சில நாள் இருமிக்கொண்டே இருந்தார். சளிப் பரிசோதனையில் டி.பி. பாசிட்டிவ். அந்த மூடிய அறையில் அவரோடு படுத்திருந்தவர்களில் ஒருத்தி சிசேரியன் ஆன பெண், குழந்தையோடு. எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் இருவர் கர்ப்பமாக இருக்கிறார்கள். இரவு டியூட்டியில் அந்த வார்டுக்குள் நுழைந்தால் மூச்சுக்காற்றே கனமாக இருக்கிறது.

என் கேள்வி: தியேட்டருக்கும் வார்டுக்கும் காற்று விஷயத்தில் உண்மையில் என்ன வேண்டும்? குறைந்த செலவில் முதலில் எதைச் செய்வது? மேனேஜரிடம் எதைக் காட்டிப் பேசுவது?

கோவை_டக்ட் எழுதியது:

வணக்கங்க சிஸ்டர். நான் டாக்டர் இல்லைங்க. ஆஸ்பத்திரிகளுக்கு ஏ.எச்.யூ. (காத்தை வடிகட்டி, குளிர வெச்சு, டக்ட் வழியா அனுப்பற பெரிய மெஷின்) மாட்டுறதும் சர்வீஸ் பண்றதும்தான் தொழில். ஸ்பின்னிங் மில்லுல ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் பார்த்துட்டு இருந்து இந்தப் பக்கம் வந்தவன். அதனால காத்தைப் பத்தி மட்டும் சொல்றேன், காயத்தைப் பத்தி டாக்டருங்க யாராவது சொல்லட்டும்.

ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காத்தைத் துளிகூட உள்ள கொண்டுவராதுங்க. ரூமுல இருக்கிற காத்தை இழுத்து, காயில்ல தொட்டுக் குளிர வெச்சு, அதையே திரும்ப ஊதும். ஒரே அண்டாத் தண்ணியில பந்தி முழுக்கத் தட்டு கழுவுற கதைதான். முன்னாடி இருக்கிற வலை பஞ்சையும் முடியையும் பிடிக்கும், கிருமியைப் பிடிக்காது. காயில் நாள் முழுக்க ஈரம், கீழ ட்ரெயின் ட்ரேயில வழவழன்னு பாசி, உள்ள உருளுற பிளோயர்ல கறுப்பா அப்பின பூஞ்சை. உங்களுக்குத் திங்கக்கிழமை அடிக்கிற வாடை அங்கிருந்துதான் வருது. ரெண்டு நாள் நிறுத்தி வெச்சு ஈரத்துல ஊறினதை, போட்ட உடனே டேபிள் மேல ஊதுது.

மேனேஜர்கிட்டக் காட்டறதுக்கு: ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று குடுக்கிற என்.ஏ.பி.எச். அமைப்பு தியேட்டர் ஏ.சி.க்கு வெச்சிருக்கிற வழிகாட்டுதல்ல, விண்டோ ஏ.சி.யும் ஸ்ப்ளிட் ஏ.சி.யும் எந்த வகைத் தியேட்டருக்கும் ஆகாதுன்னு வெளிப்படையாப் போட்டிருக்குங்க. காரணமும் அதுலயே இருக்கு: உள்காத்தையே சுத்துது, கிருமி வளர்ற இடுக்கு உள்ள இருக்கு, அதை அடைக்க முடியாது. அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து மேஜையில வெச்சுடுங்க. நீங்க வாயால சொல்றதைவிட அது பேசும்.

இப்பக் கணக்கு. உங்க தியேட்டர் 20க்கு 20க்கு 10, ஆக 4,000 கன அடி. மூட்டு மாற்று மாதிரி ஆபரேஷன் நடக்கிற தியேட்டருக்கு மணிக்குக் குறைஞ்சது 20 தடவை காத்து மாறணும், அதுல 4 தடவை வெளிக்காத்தா இருக்கணும். 20 தடவைன்னா மணிக்கு 80,000 கன அடி, அதாவது 1,333 சி.எஃப்.எம். (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி). வெளிக்காத்து மட்டும் 267 சி.எஃப்.எம். இங்கதான் விக்கிறவங்க ஏமாத்துவாங்க. உங்க ரெண்டு ஸ்ப்ளிட்டும் சுத்துற காத்தைக் கூட்டினா 1,333 பக்கம் வந்துடும், அதைக் காட்டி “கணக்கு சரியா இருக்கே”ம்பாங்க. வெளிக்காத்து பூஜ்ஜியம், ஃபில்டர் ஆன காத்தும் பூஜ்ஜியம். அந்த ரெண்டு எண்ணையும் தனியாக் கேளுங்க.

அடுத்தது அழுத்தம். தியேட்டர் உள்ள வெளியைவிட அழுத்தம் கொஞ்சம் கூட இருக்கணும், 2.5 பாஸ்கல் போதும். கதவைத் திறந்தா காத்து வெளிய போகணும், காரிடார் தூசி உள்ள வரக்கூடாது. இதைப் பார்க்க மெஷின் வேண்டாம். டிஷ்யூ பேப்பரை மெல்லிசாக் கிழிச்சு, மூடின கதவுக்குக் கீழ இருக்கிற சந்துல தொங்க விடுங்க. அது காரிடார் பக்கம் சாயணும். உள்பக்கம் சாஞ்சா, ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் காரிடார் காத்தை உள்ள உறிஞ்சிட்டு இருக்கீங்கன்னு அர்த்தம். டி.பி. நோயாளியைத் தனியா வைக்கிற ரூமுக்கு இதுக்கு நேர் எதிர், பேப்பர் உள்பக்கம் சாயணும்.

முழுசாச் செய்யறதுன்னா சின்ன ஏ.எச்.யூ. ஒண்ணு போட்டு, ப்ரீ ஃபில்டர், ஃபைன் ஃபில்டர், கடைசியா சீலிங்ல ஹெப்பா. ஹெப்பான்னா 0.3 மைக்ரான் துகள்ல 99.97 சதவீதத்தைப் பிடிக்கணும். டேபிள் மேல இருந்து மெதுவாக் கீழ இறங்கி, தரைக்குப் பக்கத்துல இருக்கிற ரிட்டர்ன் கிரில் வழியாக் காத்து போகணும். இதுல ஒரு எச்சரிக்கை இருக்குங்க. காசு குறையும்னு சாதாரண டக்டபிள் மெஷின்ல (டக்ட்ல இணைக்கிற சாதா ஏ.சி.) ஹெப்பாவை மாட்டிக் குடுத்துடுவாங்க. ஹெப்பா புதுசா இருக்கும்போதே 250 பாஸ்கல் தடுக்கும். அந்த மெஷினோட பிளோயருக்கு அதைத் தள்ளற தெம்பு கிடையாது. காத்து பாதியாக் குறையும், காயில்ல ஐஸ் கட்டும், அப்புறம் “ஹெப்பா போட்டா குளிர மாட்டேங்குது”ன்னு யாராவது கழட்டி வெச்சுடுவாங்க. அப்படிக் கழட்டி ஸ்டோர் ரூம்ல சாத்தி வெச்ச ஹெப்பாவை நான் பல இடத்துல பார்த்திருக்கேன். நோயாளிக்கு அது தெரியவே தெரியாது, அவன் படுத்துக்கிட்டு மேல பார்க்கிற சீலிங்ல கிரில் அழகா இருக்கும். எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம் இது.

ஏ.எச்.யூ. இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியும் தப்பிக்கலைங்க. அமெரிக்காவுல சியாட்டில் குழந்தைகள் ஆஸ்பத்திரி 2019 நவம்பர்ல வெளிப்படையாச் சொன்னது: தியேட்டர் காத்து மூலமா ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை தொத்தி, 2001ல இருந்து 14 குழந்தைங்களுக்கு வந்திருக்கு, ஆறு குழந்தைங்க இறந்துட்டாங்க. ஏ.எச்.யூ.வைத்தான் காரணம்னு சொன்னாங்க, அப்புறம் ஹெப்பா மாட்டினாங்க. அவ்வளவு வசதி உள்ள இடத்துல அத்தனை வருஷம்.

நம்ம ஊர்ல நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறது வேற. கரண்ட் பில்லைக் குறைக்க ஃபிரெஷ் ஏர் டேம்பரை (வெளிக்காத்தை உள்ள விடற மடிப்புக் கதவு) முழுசா மூடி, கம்பி வெச்சுக் கட்டிடுவாங்க. இல்லைன்னா வெளிக்காத்து எடுக்கிற வாயை ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்துலயோ டாய்லெட் எக்ஸாஸ்டுக்கு மேலயோ வெச்சிருப்பாங்க. ஒரு ஆஸ்பத்திரியில ட்ரெயின் பைப்புக்கு யூ ட்ராப் (தண்ணி தேங்கி நின்னு காத்தைத் தடுக்கிற வளைவு) இல்லாம நேரா சாக்கடை லைன்ல இணைச்சிருந்தாங்க. ஏ.எச்.யூ. உள்ள பிளோயர் இழுக்கிற இழுப்புல தண்ணி வெளிய போகாது, சாக்கடைக் காத்துதான் உள்ள வரும். அந்தக் காத்து நேரா சப்ளை டக்ட்டுக்கு. சர்ஜன் “என்னமோ நாத்தம்”னு சொல்லிட்டே ஆபரேஷன் பண்ணியிருக்கார், யாரும் பைப்பைப் போய்ப் பார்க்கலை.

ஓசோன் மெஷின் வேண்டாங்க. ஆள் இருக்கும்போது ஓட்ட முடியாது, நுரையீரலுக்குக் கெடுதல். ஆள் இல்லாதப்ப ஓட்டினா, ஆள் உள்ள வந்த நிமிஷத்துல இருந்து தோல் செதிலும் துணித் தூசியும் மறுபடி பறக்க ஆரம்பிக்கும். சனிக்கிழமைப் புகைக்கும் இதே பதில்தான். ஆபரேஷன் நடக்கிற அந்த ஒரு மணி நேரத்துல காத்தை மாத்திட்டே இருக்கறதுக்கு ரெண்டுமே உதவாது.

பணம் வர்ற வரைக்கும் செய்யக்கூடியது: ஏ.சி. ஆளைக் கூப்பிட்டு ரெண்டு யூனிட்டையும் பிரிச்சு, காயில், பிளோயர், ட்ரே மூணையும் கழட்டிக் கழுவச் சொல்லுங்க, வலையை மட்டும் அலசிட்டுப் போக விடாதீங்க. தியேட்டர் உள்ள வெச்சுக் கழுவக் கூடாது. ட்ரெயின் பைப்புக்கு வாட்டம் சரி பண்ணணும். கேஸ் முடிஞ்சதும் கொஞ்ச நேரம் ஃபேன் மோடுல ஓடவிட்டுக் காயிலைக் காய வைங்க. அடுத்து, அடைச்ச அந்தப் பழைய துவாரத்துல இன்லைன் ஃபேன் ஒண்ணு, அதுக்கு ஃபைன் ஃபில்டர் பெட்டி, வடிகட்டின வெளிக்காத்தை உள்ள தள்ளற மாதிரி வெச்சா, ஏ.எச்.யூ. செலவுல சின்னப் பங்குல அழுத்தமும் வெளிக்காத்தும் கிடைக்கும். இது நிரந்தரத் தீர்வு இல்லைங்க. இடுப்பு மூட்டு மாத்துறதை அந்தத் தியேட்டர்ல செய்யலாமான்னு எலும்பு டாக்டர்கிட்ட நேராப் பேசுங்க.

நுண்ணுயிரியல்_டாக்டர் எழுதியது:

காற்று குறித்து மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சிஸ்டர், சீழ் பிடிப்பது முழுவதையும் ஏ.சி. மேல் போட்டுவிட்டால் உண்மையான காரணம் தப்பிவிடும்.

ஹெர்னியா, சிசேரியன் காயங்களில் வரும் கிருமி பெரும்பாலும் நோயாளியின் தோலிலிருந்தும் நம் கைகளிலிருந்தும் வருவது. ஆன்டிபயாடிக் கீறலுக்கு முன்பே உடம்பில் ஏறிவிடுகிறதா, அல்லது கீறிய பிறகு போடுகிறார்களா? முடியை பிளேடால் மழிக்கிறார்களா? மழிக்கக் கூடாது, தேவைப்பட்டால் கிளிப்பரால் வெட்ட வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? இவற்றை முதலில் பாருங்கள்.

“கூடியிருக்கிறது” என்று சொன்னால் மேனேஜர் நம்பமாட்டார். எத்தனை ஆபரேஷனில் எத்தனை என்று மாதம் வாரியாக எழுதுங்கள். சாதாரண ஆபரேஷனுக்கு 30 நாள் வரை, உள்ளே பிளேட் அல்லது மூட்டு வைத்திருந்தால் 90 நாள் வரை கணக்கில் எடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆனவர்களுக்குப் போன் செய்து கேட்க வேண்டும், இல்லையென்றால் பாதி தெரியாமல் போகும். சீழில் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் வந்தால் தோல், மூக்கு, கை பக்கம் தேடுங்கள். சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் மாதிரி வந்தால் ஈரம் உள்ள இடத்தைத் தேடுங்கள், அந்தச் சொட்டும் யூனிட் உட்பட. பல வாரம் கழித்து ஆறாத புண்ணாக வந்தால், குறிப்பாக லேப்ராஸ்கோப்பி துளைகளில் வந்தால், கருவிகளை எந்தத் தண்ணீரில் அலசுகிறார்கள் என்று பாருங்கள். டி.பி. குடும்பத்தைச் சேர்ந்த வேறு மைக்கோபாக்டீரியாக்கள் அப்படித்தான் வருகின்றன.

காற்று பெரிதாகப் பேசுவது மூட்டு மாற்று போன்ற ஆபரேஷன்களில். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு மாற்றுக்கு வழி காட்டிய ஜான் சார்ன்லி, 1960களிலேயே தியேட்டருக்குள் வடிகட்டிய காற்றுக்கென்று தனி அறை அமைத்தார். தொற்று வெகுவாகக் குறைந்தது. பிறகு லிட்வெல் தலைமையில் 8,000க்கும் மேற்பட்ட இடுப்பு, முழங்கால் மாற்றுகளை வைத்து நடந்த ஆய்வு 1982இல் வந்தது. ஆழமான தொற்று 1.5 சதவீதத்திலிருந்து 0.6 ஆகக் குறைந்தது. ஆனாலும் 2016இல் உலக சுகாதார நிறுவனம், மூட்டு மாற்றில் தொற்றைக் குறைப்பதற்கென்று லேமினார் காற்றோட்டம் (வடிகட்டிய காற்று ஒரே சீராக, ஒரே திசையில் இறங்கும் அமைப்பு) போட வேண்டாம் என்றுதான் பரிந்துரைத்தது. ஆன்டிபயாடிக்கும் மற்ற ஒழுங்குகளும் வந்த பிறகு அதனால் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே விலை உயர்ந்த லேமினார் கூரைக்கு ஆசைப்படத் தேவையில்லை. நன்றாகப் பராமரித்த, வடிகட்டிய, போதுமான முறை மாறும் காற்று இருந்தால் போதும். கேஸ் நடக்கும்போது கதவு திறப்பதையும் உள்ளே நிற்பவர்களின் எண்ணிக்கையையும் குறையுங்கள், அதற்குச் செலவே இல்லை.

ஃபார்மலின் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. கர்ப்பிணி நர்ஸ்கள் இருக்கும் இடத்தில் வாரா வாரம் அதைப் புகைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். டிடர்ஜென்ட்டும் கிருமிநாசினியும் கொண்டு பரப்புகளைத் துடைப்பதே சரியான வழி.

தியேட்டர்_சிஸ்டர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. டிஷ்யூ பேப்பர் வைத்துப் பார்த்தேன். உள்பக்கம்தான் சாய்கிறது. ஸ்டெரிலைசேஷன் அறையில் எக்ஸாஸ்ட் ஓடுகிறது, அது தியேட்டரிலிருந்து இழுக்க, தியேட்டர் காரிடாரிலிருந்து இழுக்கிறது. காரிடாரில்தான் அட்டெண்டர்கள் செருப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள். மேனேஜரையும் கூட்டி வந்து காட்டினேன். பேப்பர் சாய்வதைக் கண்ணால் பார்த்ததும் முதல் முறையாக “என்ன செலவாகும்?” என்று கேட்டார்.

ஆன்டிபயாடிக் நேரம் பற்றி டாக்டர் சொன்னது சரி. அவசர சிசேரியனில் சில நேரம் கீறிய பிறகுதான் போகிறது. அதைச் செக்லிஸ்டில் சேர்த்துவிட்டேன். ஃபார்மலினை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

வார்டை என்ன செய்வது? ஜன்னலைத் திறக்கும்படி மாற்றலாம் என்றால் கொசு வரும், டெங்கு வரும், ஏ.சி. காசு வாங்கிக்கொண்டு ஏ.சி. போடவில்லை என்று சண்டை வரும் என்கிறார்கள். இன்னொன்று, அடுத்த வருடம் மாடியில் புதிதாக ஒரு தியேட்டர் கட்டப் போகிறார்கள். அதற்கு இப்போதே என்ன கேட்க வேண்டும்?

கோவை_டக்ட் எழுதியது:

சிஸ்டர், ஏ.சி. மாட்டிப் பிழைக்கிறவன் நான், ஆனா உங்க வார்டுக்கு ஜன்னலைத் திறக்கிற மாதிரி மாத்துங்கன்னுதான் சொல்லுவேன்.

டி.பி. காத்துல போகுதுங்கறதை நிரூபிச்சதே ஆஸ்பத்திரி டக்ட்தாங்க. 1950கள் கடைசியில அமெரிக்காவுல பால்டிமோர்ல ரைலிங்கற டாக்டர், டி.பி. வார்டுக் காத்தை டக்ட் வழியா மேல கினி பன்றி வெச்சிருந்த அறைக்கு அனுப்பினார். நோயாளி பக்கத்துலயே போகாத விலங்குக்கு டி.பி. வந்தது. இன்னொரு பக்கம், அதே வார்டுக் காத்தை டக்ட்ல யூ.வி. விளக்கு வெச்சு அனுப்பினாங்க, அந்தப் பக்கத்துல இருந்த விலங்குங்க தப்பிச்சது. தென்னாப்பிரிக்காவுல டுகேலா ஃபெரிங்கற கிராமத்து ஆஸ்பத்திரியில, பெரும்பாலான மருந்துக்கு அடங்காத டி.பி. 53 பேருக்கு வந்து, 52 பேர் இறந்தாங்க. 2006ல அது உலகத்துக்கே தெரிஞ்சது. அதுல பலருக்கு ஆஸ்பத்திரியிலயே தொத்தினதுதான். வேற வைத்தியத்துக்கு வந்த இடத்துல.

பெரு நாட்டுல லிமா நகரத்து ஆஸ்பத்திரிகள்ல அளந்து பார்த்து 2007ல எழுதினாங்க. ஜன்னல் கதவைத் திறந்து வெச்ச ரூம்ல மணிக்கு 28 தடவை காத்து மாறியிருக்கு. மெஷின் வெச்சு மணிக்கு 12 தடவை மாத்துற ரூமைவிட ரெண்டு மடங்குக்கு மேல. 1950க்கு முன்னாடி கட்டின, உயரமான கூரை, பெரிய ஜன்னல் உள்ள வார்டுகள்ல 40 தடவை. நம்ம தாம்பரம் சானடோரியத்தை 1928ல டாக்டர் சௌரி முத்து ஆரம்பிச்சப்ப, டி.பி.க்கு மருந்தே கிடையாது. காத்தோட்டத்தை நம்பித்தான் அந்த மாதிரி இடத்தையே கட்டினாங்க. நம்ம பழைய ஜி.எச். வார்டுகள்ல மேல வென்டிலேட்டர், எதிரெதிர் ஜன்னல், வராண்டா எல்லாம் இருக்கும். அதை அடைச்சுட்டு ஃபால்ஸ் சீலிங் போடச் சொல்லிக் கூப்பிடறப்ப எனக்கு மனசு ஒப்பறதில்லைங்க. கேட்டவங்ககிட்ட வேண்டாம்னு சொல்லியிருக்கேன், சிலர் வேற ஆளை வெச்சுப் பண்ணிக்கிட்டாங்க.

உங்க வார்டுக்குக் கணக்கு: உலக சுகாதார நிறுவனம் சாதாரண வார்டுக்கு ஒரு நோயாளிக்கு நொடிக்கு 60 லிட்டர் வெளிக்காத்து கேக்குது. ஆறு பேருக்கு 360 லிட்டர். ஜன்னலை முழுசாத் திறக்க முடியலைன்னா, ஒரு சுவர்ல எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ச் சுவர்ல வலை போட்ட திறப்பு. ஃபேன் பெட்டியில மணிக்கு 1,000 கன மீட்டர்னு போட்டிருந்தா அது நொடிக்கு 278 லிட்டர். மாட்டினப்புறம் அந்த அளவு வராது, வலையும் லூவரும் தடுக்கும். அதனால ரெண்டு போடுங்க. ஃபேன் தள்ளற பக்கம் ஆள் நிக்கிற இடமா, ஓ.பி. வரிசையா இருக்கக்கூடாது. காத்து உள்ள வர்ற பக்கம் டாய்லெட்டா இருக்கக்கூடாது. இருமுற ஆளை எக்ஸாஸ்ட் பக்கத்துக் கட்டில்ல போடுங்க, குழந்தை இருக்கிற தாயைக் காத்து நுழையற பக்கம். சளி ரிசல்ட் வர்ற வரைக்கும் அவருக்குச் சாதாரண மாஸ்க், உங்க ஆளுங்களுக்கு என்95.

கொசு நியாயமான பயம்தாங்க. வலை போடுங்க, ஆனா வலையைக் கழட்டிக் கழுவற மாதிரி சட்டம் வெச்சுப் போடுங்க. ரோட்டுத் தூசி படிஞ்ச வலை வழியாக் காத்தே வராது. கழுவறது யார் வேலைன்னு எழுதி வைங்க.

ஏ.சி.யும் கட்டாயம் வேணும்னா எக்ஸாஸ்டும் ஏ.சி.யும் சேர்ந்தே ஓடட்டும். கரண்ட் கூடத்தான் ஆகும். அதை வாடகையில ஏத்திக்கலாம்னு மேனேஜருக்குச் சொல்லுங்க. கார்பன் டை ஆக்சைடு மீட்டர் சின்னதா ஒண்ணு வாங்கி ராத்திரி டியூட்டி மேஜையில வைங்க. வெளிய 420 பக்கம் காட்டும். உள்ள 1,000 தாண்டினா பன்னிரண்டு பேரும் ஒருத்தர் மூச்சை ஒருத்தர் இழுத்துட்டு இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கலாம். ராத்திரி உங்களுக்குக் கனமாத் தெரியறது அதுதான்.

டி.பி. நோயாளி இருந்துட்டுப் போன ரூமை எவ்வளவு நேரம் காலியா விடணும்னும் ஒரு கணக்கு இருக்கு. மணிக்கு 12 தடவை காத்து மாறினா, 99 சதவீதம் போக 23 நிமிஷம். 2 தடவைதான் மாறுதுன்னா 138 நிமிஷம். உங்க மூடின வார்டு அந்த ரெண்டைக்கூடத் தொடாது.

யாழ்_ஸ்கொட்லாந்து எழுதியது:

புதுத் தியேட்டர் பற்றிக் கேட்டீர்கள். நான் ஸ்கொட்லாந்தில் வைத்தியசாலைக் கட்டட வேலைகளோடு தொடர்புடைய பொறியியலாளர். இங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரு விசயத்தைச் சொல்கிறேன்.

எடின்பரோவில் சிறுவர்களுக்கென்று பெரிய புது வைத்தியசாலை கட்டினார்கள். 2019 ஜூலை 9ஆம் திகதி நோயாளிகள் குடிபுக வேண்டும். சில நாட்களுக்கு முன் சுகாதார அமைச்சர் நிறுத்திவிட்டார். தீவிர சிகிச்சை அறைகளில் மணிக்கு 10 தடவை காற்று மாற வேண்டிய இடத்தில் 4 தடவைதான் மாறியது. பிழை எங்கே இருந்தது என்றால், 2012இல் தயாரித்த ஒரு அட்டவணையில். அந்த எண்ணை அதற்குப் பிறகு பல வருசம் பல கைகள் கடந்து போயும் ஒருவரும் பிடிக்கவில்லை. திருத்த வேலைக்கு 160 லட்சம் பவுண் செலவானது. பிள்ளைகள் முழுமையாக மாறியது 2021 மார்ச்சில்.

ஆகவே, கட்டத் தொடங்க முன்னமே ஒவ்வொரு அறைக்கும் எத்தனை தடவை காற்று மாற வேண்டும், அதில் வெளிக்காற்று எவ்வளவு, அழுத்தம் எந்தப் பக்கம் என்று தாளில் எழுதி, சர்ஜனும் நீங்களும் கையெழுத்திடுங்கள். ஒப்பந்தகாரருக்குக் கடைசிக் காசு கொடுக்க முன்னம் வேறொருவரைக் கொண்டு அளக்கச் செய்யுங்கள். பொருத்தியவரே அளந்து தரும் அறிக்கையை ஏற்க வேண்டாம்.

தியேட்டர்_சிஸ்டர் எழுதியது:

எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்துவிட்டேன். வார்டில் இரண்டு கண்ணாடியைக் கழற்றி வலைச் சட்டம் போடவும், எக்ஸாஸ்ட் இரண்டு மாட்டவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சொட்டும் யூனிட்டைக் கழற்றப் போகிறார்கள். புதுத் தியேட்டர் கட்டும் வரை இடுப்பு மூட்டு மாற்றை இங்கே செய்வதில்லை என்று எலும்பு டாக்டரே சொல்லிவிட்டார், நான் கேட்டதும் உடனே. டி.பி. வந்த பெரியவரோடு அந்த வார்டில் இருந்தவர்களின் பட்டியலை அரசு டி.பி. யூனிட்டில் கொடுத்திருக்கிறோம். அந்தத் தாயையும் குழந்தையையும் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

கோவை சார், இன்லைன் ஃபேன் விஷயத்தில் உள்ளூர் ஏ.சி. ஆள் “ஃபில்டர் பெட்டி எதற்கு, ஃபேன் மட்டும் போதும்” என்கிறார்.

கோவை_டக்ட் எழுதியது:

ஃபில்டர் இல்லாம அந்த ஃபேனை மாட்டவே கூடாதுங்க. ரோட்டுத் தூசியை நேரா டேபிள் மேல தள்ளும். முதல்ல ப்ரீ ஃபில்டர், அடுத்தது ஃபைன் ஃபில்டர், ரெண்டும் ஒரே பெட்டியில, ரப்பர் கேஸ்கெட்டோட, ஓரத்துல காத்து நழுவாத மாதிரி. ஃபேன் வாங்கும்போது ஃபில்டர் தடுப்பைச் சேர்த்து 267 சி.எஃப்.எம். தர்ற மாடலைக் கேளுங்க, திறந்தவெளி அளவைப் பார்த்து வாங்கிடாதீங்க. மாட்டினதும் அந்த ஸ்டெரிலைசேஷன் எக்ஸாஸ்டை ஓடவிட்டே டிஷ்யூ டெஸ்ட் பண்ணுங்க. அப்பவும் உள்பக்கம் சாஞ்சா, துவாரத்தோட அளவையும் அந்த எக்ஸாஸ்ட் ஃபேன் அளவையும் இங்க போடுங்க, கணக்குப் போட்டுச் சொல்றேன். உங்க ஏ.சி. ஆள்கிட்டயும் பேசறேன்.